கியம்பாங் தங்காத தொட்டி

கியம்பாங் என்ற நீர்ச்செடியைச் சாகடிக்க முடியாது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். லோங்காங் சாக்கடைத் தண்ணீரில் மிதக்கும், மீன் குட்டையில் மிதக்கும், மழைவிட்டு இரண்டு நாள் போனால் வாய்க்காலையே மூடிவிடும். துப்புரவு ஆட்கள் அதை வாரிக் கரையில் போட்டுவிட்டு லாரி ஏறிப் போவார்கள். அடுத்த வாரம் பார்த்தால் பழையபடி அங்கேயே கிடக்கும். யாரும் விதைப்பதில்லை, யாரும் அதைக் கேட்பதுமில்லை. அந்தச் செடியை நான் கெலுகோரில், பதினோராவது மாடியில், கண்ணாடித் தொட்டியில், விளக்குப் போட்டு வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு தடவை அல்ல. போடப் போடச் செத்தது.

நான் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீசில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். "அக்கா, அது காட்டுச் செடி லா, அதைக்கூட உங்களால வளர்க்க முடியலையா?" என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். நானும் சிரித்துவைத்தேன். அவர்களிடம் முழுக்கதையையும் சொல்லவில்லை.

தொட்டி என்னுடையது அல்ல, என் கணவருடையது. அவர் அதற்கு எதிரே ஹாலில் ஒரு கட்டிலில் கிடந்தார். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அவரை வீட்டில் வைத்துக்கொள்வதா, ஏதாவது ஒரு பராமரிப்பு ஹோமில் விடுவதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகனும், அவருடைய அக்காவும் ஒரு பக்கம். நான் மட்டும் மறுபக்கம். அவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: அவருக்கு எதுவும் புரியவில்லை, எங்கே கிடந்தாலும் அவருக்கு ஒன்றுதான். என் பதிலும் ஒன்றுதான்: புரிகிறது, அவர் தொட்டியைப் பார்க்கிறார். சும்மா வெறிக்கவில்லை, பார்க்கிறார். என் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தொட்டி. அதில்தான் செடி அழுகிக்கொண்டிருந்தது.

அவர் அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவர். தினமும் கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தில் காரை ஓட்டிப் போய் வருவார். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத் தேத்தண்ணீர்க் கிளாசோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதலில் மீன், பிறகுதான் நான். "ஒங்க சின்ன வீட்டைப் பாத்தாச்சா?" என்று கேட்பேன். தலையை ஆட்டுவார். மூன்றடித் தொட்டி, உள்ளே செப்பாட் மீன்கள், மேலே தண்ணீரே தெரியாத அளவுக்குக் கியம்பாங். மேலே கூரை இல்லையென்றால் மீனுக்குப் பயம் வரும் என்பது அவருடைய கொள்கை. ஆண் மீன் இலைக்கு அடியில் நுரையால் கூடு கட்டும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். அடுப்பில் ஏதாவது இருக்கும், நான் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுவேன். வாரத்துக்கு ஒருமுறை, அதிகமாக மண்டிய செடியை ஒரு வாளி நிறைய அள்ளிக் குப்பையில் கொட்டுவார். அத்தனை செழிப்பு.

விழுந்ததும் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். குழாய் கையிலிருந்து நழுவி, தண்ணீர் ஹால் முழுக்க ஓடி, சமையலறை வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்து, ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று இடது கையால் தட்டச் சொல்லிக் கேள்வி கேட்டாள். எதற்கும் கோணல்மாணலாகத் தட்டினார். உங்கள் மனைவி இவரா என்றதற்கு இரண்டு தட்டு, இது ஆஸ்பத்திரியா என்றதற்கும் இரண்டு தட்டு. எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது, போகப் போகப் பார்ப்போம் என்றார் டாக்டர். 'போகப் போக' என்பதை நான் பிடித்துக்கொண்டேன். 'சொல்ல முடியாது' என்பதை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்து தங்கினார். என் சம்பளம்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, நான் வேலையை விட முடியாது. நாத்தனாரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும், ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணமே செய்துகொள்ளாமல், அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். இந்த வயதில், இடுப்பு வலியோடு, அவரைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியவர். கூலிக்கு வைத்த ஆள் அப்படிச் செய்யமாட்டாள். அதே சமயம் வீடு ஒரு கோயிலாகவே மாறிவிட்டது. காலையில் செபமாலை, மத்தியானம் கைப்பேசியில் ஞானப்பாட்டு, சாயங்காலம் மறுபடி செபமாலை. செபக்கூட்டத்தில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த உப்பைக் கொண்டுவந்து வாசற்படியிலும் கட்டிலுக்கு அடியிலும் தூவுவார். நானும் வேதக்காரிதான், எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனாலும் காலில் நறநறவென்று மிதிபடும்போது எரிச்சல் வந்து கூட்டித் தள்ளிவிடுவேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கவனிப்பாரில்லாமல் பழைய கியம்பாங் போய்விட்டது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. பாசார் பக்கத்தில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் புதிதாக வாங்கிவந்து போட்டேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாயிற்று. அடியில் தொங்கிய வேர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, நடுக்குருத்து கூழாகியது. எடுத்தால் விரலோடு வந்தது. நாற்றம் வேறு.

நான் விடவில்லை. விடுகிற சுபாவம் இல்லை எனக்கு. குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும் என்றார்கள், வாளியில் பிடித்து இரண்டு நாள் ஆறவைத்து ஊற்றினேன். ஃபில்டர் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் செடி புரண்டு அழுகும் என்றார்கள், அதன் வாயில் பஞ்சைக் கட்டி வேகத்தைக் குறைத்தேன். மூடியிலிருந்து சொட்டும் நீர் இலைமேல் விழக்கூடாது என்றார்கள், மூடியைச் சாய்த்து வைத்தேன். அதன் வழியே ஒரு மீன் துள்ளி வெளியே விழுந்து, சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த பல்கலைக்கழகப் பையன்கள் வந்து, காகிதக் கீற்றுகளைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது ஆண்ட்டி என்றார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏனடா சாகிறது என்று அவர்களிடமே கத்திவிட்டேன். பாவம், எனக்காகக் கைப்பேசியில் தேடினார்கள். இரும்புச் சத்துக் குறைவு என்று வந்தது. அதையும் வாங்கி ஊற்றினேன்.

செடி ஒருபக்கம் இப்படி இருக்க, அவர் அடிக்க ஆரம்பித்தார். யாரையும் அல்ல, கட்டிலின் இரும்புக் கம்பியை. இடது கையால் ஓங்கி ஓங்கி அடிப்பார். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வரும். "ஆ, ஆ" என்று ஒரு சத்தம், அது அவருடைய குரலே இல்லை. நான் வீட்டில் இருக்கும்போது கொஞ்சம். நான் இல்லாத பகலில்தான் அதிகம் என்று அக்கா சொன்னார்.

"நீ போயிடுறே. நான்தான் இந்தக் கண்றாவியைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு நாளைக்கு என்னையே அடிச்சிடுவான்னு பயமா இருக்கு மா."

"அவரு ஏதோ சொல்றாரு அக்கா."

"என்னத்தைச் சொல்றான்? அவன் எங்க இருக்கான் சொல்றதுக்கு?"

நான் வேலை முடிந்து வந்ததும் அவர் தொட்டியைக் கையால் காட்டுவார். பிறகு சமையலறைப் பக்கம் காட்டுவார். மறுபடி தொட்டி. மீனுக்குச் சாப்பாடு போடச் சொல்கிறார் என்று நினைத்துப் போட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் போகவேண்டும்போல என்று, கட்டிலை இழுத்துக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்த அக்கா, பார்த்தாயா, எதற்கும் அர்த்தம் கிடையாது என்றார். டாக்டரிடம் அடிப்பதைப் பற்றிச் சொன்னோம். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு இப்படிக் கோபம் வருவது உண்டு என்று சொல்லி, மனசை அடக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் அரைத் தூக்கத்தில் வாயோரம் எச்சில் வடியக் கிடப்பார். மகன் வீடியோவில் அந்தக் கோலத்தைப் பார்த்தான்.

"மா, போதும் மா. அப்பாவுக்கு நம்ம யாருன்னே தெரியலை. ஹோம்ல நர்ஸ் இருக்காங்க, தூக்கிப் புடிக்க ஆளு இருக்கு. நீங்களும் அத்தையும் விழுந்துட்டா அப்புறம் நான் என்ன பண்றது?"

அப்பாவின் தலைமாட்டில் கைப்பேசியை வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் பேசினோம். ஸ்பீக்கரில். என் மகன் கெட்டவன் அல்ல. அவன் கணக்கு சரியான கணக்கு. அதனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது.

சும்மா போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று அக்கா நச்சரித்து, ஒரு சனிக்கிழமை சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ஹோமுக்குப் போனோம். என் கணவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பையன்களில் ஒருவனை உட்காரவைத்துவிட்டுப் போனோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒற்றை மாடிக் கட்டடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை சுத்தம், படுக்கை விரிப்பு சுத்தம், டெட்டால் வாசம். ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடவில்லை. அங்கே பொறுப்பாக இருந்த பெண், "ஆளுக்கு நினைவு இருக்கா மா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன் நான். "இல்லை" என்றார் அக்கா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

வெளியே வந்தால், கட்டடத்தைச் சுற்றியிருந்த லோங்காங் முழுக்கக் கியம்பாங். கொழுகொழுவென்று, உள்ளங்கை அகலத்துக்கு. எனக்கு வந்த வெறிக்குக் காரில் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, நல்ல சேலையோடு குத்தவைத்து உட்கார்ந்து, கைவிட்டு அள்ளினேன். "மானத்தை வாங்காதே, எந்திரி" என்றார் அக்கா. நான் பை நிறைந்த பிறகுதான் எழுந்தேன்.

அந்த வாரம் அக்கா தியானத்துக்குப் போயிருந்தார். வருஷா வருஷம் போவது. நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சுங்கை பாக்காப் கியம்பாங் அந்த வாரம் முழுக்கச் சாகவில்லை. தொட்டித் தண்ணீரைப் பாதிக்குமேல் மாற்றியிருந்தேன். நடுவில் சின்னச் சின்னதாகப் புது இலை விட்டது, பக்கத்தில் குட்டிச் செடி போட்டது. அதைவிட ஆச்சரியம், அவர் அடிக்கவில்லை. மாத்திரை கூடக் கொடுக்கவில்லை நான். கட்டிலைச் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டும்போது, என் தோளுக்கு மேலாக மீன் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். லோங்காங் செடிதான் தாக்குப்பிடிக்கும், கடைச் செடி சீக்கு என்று நான் முடிவு கட்டினேன். அவருக்கு வந்த அமைதிக்குச் செடிதான் காரணம் என்றும் நினைத்துக்கொண்டேன். மகனைக் கூப்பிட்டு, "பாரு, எப்படி இருக்காருன்னு பாரு" என்று காட்டினேன். சந்தோஷமாக இருந்தது. அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

அக்கா திரும்பி வந்தார். நான் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பார்க்கிறேன், இலை ஓரம் பழுப்பு. அவர் முட்டியில் புதுக்காயம்.

அதற்குப் பிறகு நடந்தது, டவுனில் தண்ணீர் வராததால் நடந்தது. எங்கோ பெரிய குழாய் உடைந்து, ஆபீஸ் இருந்த கட்டடத்தில் ஒரு சொட்டு இல்லை. கக்கூசுக்கும் வழியில்லாமல் பத்து மணிக்கெல்லாம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லிஃப்டை விட்டு இறங்கும்போதே அடிக்கும் சத்தம் கேட்டது. இரும்புக் கதவைத் திறந்தேன். உள்ளே ஞானப்பாட்டு உரக்க ஓடிக்கொண்டிருந்ததால் அக்காவுக்குக் கேட்கவில்லை. தொட்டிக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். இடது கையில் செபமாலை. வலது கையில் ஒரு பிடி உப்பு. செபத்தை முணுமுணுத்துக்கொண்டே, மூடியை விலக்கி, அத்தனையையும் தண்ணீரில் கொட்டினார். ஒரு சிட்டிகை என்றாலும் பரவாயில்லை. சோற்றுப் பானைக்குப் போடுவதைவிட அதிகம்.

கட்டிலில் அவர் கம்பியை உடைத்துவிடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தொட்டியை அல்ல, மீனையும் அல்ல. அக்காவின் கையை. பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்பதையும் பார்த்தார். அடிப்பதை நிறுத்திவிட்டார். கை மெதுவாக வந்து போர்வைமேல் படுத்துக்கொண்டது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வடிந்தது.

"என்ன அக்கா செய்றீங்க?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். ஆனால் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவர் நினைக்கவில்லை.

"இது முன்னாடிதானே விழுந்தான்? நாள் பூரா இதைத்தானே வெறிச்சுப் பாத்துக்கிட்டுக் கெடக்கான்? நான் கிட்ட வந்தாலே எப்படி ஆடுறான் பாரு. இதுக்குள்ள என்னமோ இருக்கு மா. ஃபாதர் மந்திரிச்ச உப்பு, ஒண்ணும் செய்யாது."

"நீங்க உப்பைப் போடறீங்கன்னுதான் ஆடுறாரு! செடி சாகுதுன்னு ஆடுறாரு! எத்தனை நாளா போடுறீங்க?"

"வந்ததுலேருந்து. தினம் போடுறேன். நான் என் தம்பிக்குக் கெடுதல் செய்வேனா?"

செய்யமாட்டார். அதுதான் கொடுமை. அவர் அடிக்க அடிக்க, பேய் அலறுகிறது என்று இவர் இன்னொரு பிடி கூட்டிப் போட்டிருக்கிறார். இவர் கூட்டிப் போடப் போட, அவர் இன்னும் ஓங்கி அடித்திருக்கிறார். அதைப் பார்த்து நாங்கள் மாத்திரை கொடுத்தோம். தொட்டியையும் சமையலறையையும் மாறி மாறிக் காட்டினாரே, உப்பு போத்தல் சமையலறை அலமாரியில்தான் இருந்தது. அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் ஒற்றைக் கையால் எப்படிச் சொல்வான்? நான் அக்காவைத் திட்டிய திட்டில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அக்கா சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம் எழுந்துபோய்த் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார். அவர் அக்காவின் தலையில் கையை வைத்தார். அதையும் நான் பார்த்தேன்.

எனக்கு ஒருபுறம் நெஞ்சு வெடிக்கும்போல வலி. மறுபுறம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வெற்றி. நான் சொன்னேன் அல்லவா? அவருக்குத் தெரிகிறது என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? அவர் பார்த்தார், காரணம் புரிந்துகொண்டார், என்னிடம் சொல்லப் பார்த்தார். இனி எந்த வாயால் ஹோம் என்பார்கள்? அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு, இத்தனை உப்பையும் எப்படியோ தாங்கிக் கிடந்த மீன்களை அவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் நனைத்துப் பார்த்த காகிதம் உப்பைக் காட்டாதாம். தண்ணீர் மாற்றி மாற்றிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த அந்தத் தட்டலை மறுநாளே தொடங்கினேன். ஒரு தட்டு ஆம், இரண்டு தட்டு இல்லை. மாத்திரையை நிறுத்த டாக்டர் சம்மதித்தார். முதலில் தடுமாறினார், பிறகு பிடித்துக்கொண்டார். இன்றைக்கு மழை பெய்ததா? ஒன்று. நம் மகன் கோலாலம்பூரில் இருக்கிறானா? இரண்டு. கஞ்சியில் உப்புப் போதுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வாயோரம் கோணிற்று. சிரிப்பு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

அழும்போதுதான் மற்றது உறைத்தது. அவர் தலைமாட்டில் நாங்கள் என்னவெல்லாம் பேசினோம். துணி மாற்றும்போது அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னது. மகன் ஸ்பீக்கரில் சொன்னது. களைத்துப்போய் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து நான் பெருமூச்சு விட்டது. எல்லாவற்றையும் கேட்டபடி அவர் கிடந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மகனை வீடியோவில் கூப்பிட்டேன். அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். வக்கீல் ஆபீசில் இத்தனை வருஷம் சும்மாவா இருந்தேன்? சாட்சியை நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறேன் என்ற தோரணை எனக்கு. மழை, கிழமை, மகனின் வயது என்று சின்னக் கேள்விகளை முதலில் கேட்டேன். ஒன்றும் தவறவில்லை. மகன் கைப்பேசிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாரி பா" என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"இவங்க எல்லாம் ஒங்களை சுங்கை பாக்காப் ஹோமுக்கு அனுப்பணும்னு சொல்றாங்க. ஒங்களுக்குப் போகணுமா?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். ஒரு தட்டு.

இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கேள்வி சரியாகப் புரியவில்லை என்று, திருப்பிப் போட்டுக் கேட்டேன். "இங்கேயே, வீட்டிலேயே, என்கூட இருக்கீங்களா?"

இரண்டு தட்டு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எனக்குக் கஷ்டம் என்றா போகிறீர்கள்? கை அசையவில்லை. என்மேல் கோபமா? அசையவில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டீர்களே, அதனாலா? கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தட்டிலும் இரண்டு தட்டிலும் அடங்காத பதில் எதுவோ அவரிடம் இருந்தது. அதைக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை, அதைச் சொல்ல அவருக்குக் கை போதவில்லை. அவர் அக்காதான் முதலில் அழுதார். போகவேண்டாம் என்று கெஞ்சினார். அதற்கும் இரண்டு தட்டு.

மாதக் கடைசியில் கொண்டுபோய் விட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடித்துப் பாலம் தாண்டிப் போகிறேன். நகம் வெட்டிவிடுகிறேன், முகம் மழிக்கிறேன், ஆபீஸ் கதை சொல்கிறேன். சில கதைக்கு வாயோரம் கோணுகிறது. கிளம்பும்போது, "வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்கிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல், இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் புரியும் என்று எல்லோரிடமும் சண்டை போட்டு ஜெயித்தவள் நான்தான். புரியாமல் சொல்கிறார் என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?